முப்பத்தொரு தோழர்களைத் தேடிய ஆண்டு

2025 பிப்ரவரியில், என்னுடன் ஆசிரியர் பயிற்சி பெற்ற 31 பேரைத் தேடத் தொடங்கினேன். ஆகஸ்டு 16ஆம் தேதி சனிக்கிழமை, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஓர் உணவகத்தில் ஒன்றுகூடியபோது என்னையும் சேர்த்து 14 பேர் இருந்தோம். இடைப்பட்ட ஆறு மாதங்களில் என் கையைவிட்டுப் போன பணம் 3,756 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 80 காசு. அதில் பெரும்பகுதி ஒரு மோசடிக்காரனுக்கும், மீதி வராத விருந்தினர்களின் சாப்பாட்டுக்கும் போயிற்று. பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன். இரண்டு வீடுகளில் நான் ஏற்படுத்திய மனக்கலக்கத்தை மறக்க முடியவில்லை. எழுபது வயதைத் தொட்டவர்களைத் தேடுவதும் முப்பது வயதுக்காரர்களைத் தேடுவதும் ஒன்றல்ல என்பதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பல தவறுகளைச் செய்திருக்கமாட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தோழர்களின் பெயர்களைத் தவிர்த்து, அன்று நாங்கள் வைத்த பட்டப்பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

நாங்கள் பயிற்சியில் சேர்ந்தது 1973ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அந்த ஆண்டுதான் கல்விக் கழகமாக மாறியிருந்தது. ஆனாலும் பேட்டர்சன் சாலை வளாகத்தை நாங்கள் கடைசிவரை ‘டிடிசி’ என்று, பழைய கல்லூரிப் பெயரின் ஆங்கிலச் சுருக்கத்திலேயே அழைத்தோம். காலையில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, சட்டையில் சுண்ணக்கட்டித் தூளோடு பேருந்து பிடித்துப் பிற்பகல் விரிவுரைக்கு ஓடுவோம். 1975இல் பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் பணியமர்த்தப்பட்டோம். தமிழ்வழிப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்த காலம் அது. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. எங்களில் சிலர் ஆங்கிலவழிப் பள்ளிகளில் தமிழாசிரியர்களாகத் தொடர்ந்தார்கள். சிலர் வேறு பாடங்களுக்கு மாறினார்கள். சிலர் ஆசிரியத் தொழிலையே விட்டுவிட்டார்கள். ஒரே பள்ளியில் ஒன்றாக ஓய்வுபெற்றவர்கள் எங்கள் வகுப்பில் எவரும் இல்லை. ஐம்பது ஆண்டு நிறைவுக்கு எல்லாரையும் ஒருமுறை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை ஒரு தோழரிடம் சொன்னேன். “நீயே செய்யேன், உனக்குத்தான் நேரம் இருக்கிறதே” என்றார். மனைவியை இழந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்த எனக்கு அந்த வார்த்தை சற்றுச் சுட்டது. ஆனால் அது உண்மைதான்.

31 பேரில் ஒன்பது பேருடன் தொடர்பில் இருப்பதாக நினைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் தினமும் காலை வணக்கப் படம் அனுப்புவதையும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புவதையும்தான் அந்நாளில் தொடர்பு என்று எண்ணியிருந்தேன். முதலில் அழைத்தது ‘சாக்பீஸ்’ என்று நாங்கள் அழைத்த தோழரை. கைத்தொலைபேசி ஒலிக்கவே இல்லை. வீட்டு எண்ணுக்கு அழைத்தேன். அவருடைய மனைவி எடுத்தார். உற்சாகமாக, “எங்கே அவன், தூங்குகிறானா?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சு இல்லை. பிறகு, “அவங்க போய் நாலு மாசம் ஆச்சே அண்ணே, உங்களுக்குத் தெரியாதா?” என்றார். தோழர் அக்டோபர் முதல் வாரத்தில் இறந்திருக்கிறார். அதே மாதம் 31ஆம் தேதி நான் அவருக்கு ‘குடும்பத்தோடு மகிழ்ச்சியாகக் கொண்டாடு’ என்று தீபாவளி வாழ்த்து அனுப்பியிருந்தேன். அழைப்பு முடிந்த பிறகு அந்த உரையாடலைத் திறந்து பார்த்தேன். ஏறத்தாழ நான்கு மாதங்களாக நான் அனுப்பிய ஒவ்வொரு படத்தின் கீழும் ஒற்றைச் சாம்பல்நிறக் குறி மட்டுமே இருந்தது. செய்தி என் கைபேசியிலிருந்து கிளம்பிவிட்டது, அவருடைய கைபேசியைச் சென்றடையவில்லை என்பதே அதன் பொருள். இரட்டைக் குறி விழுந்தால்தான் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. நாற்பது ஆண்டுகள் மாணவர்களின் விடைத்தாள்களில் குறி போட்ட நான் இந்தக் குறியைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

அன்றிரவே மற்ற எட்டு உரையாடல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இன்னொன்றிலும் ஒற்றைக் குறிதான். அவர் எண்ணை மாற்றியிருந்தார். வேறொன்றில் இரட்டைக் குறி ஒழுங்காக விழுந்திருந்தது. ஆனால் அழைத்தால் ஒரு சீன இளைஞர் எடுத்தார். அந்த எண் தமக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்றும், தாமரைப்பூப் படங்கள் அழகாக இருப்பதால் தடுக்காமல் விட்டுவைத்ததாகவும் சொன்னார். கைவிடப்படும் எண்கள் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படுகின்றன. ஆகவே, வயதான தோழர் ஒருவருக்கு நெடுநாளாகச் செய்தி மட்டுமே அனுப்பிவருகிறவர்கள் இன்றே அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துக் குரலைக் கேட்டுவிடுங்கள். அப்படி அழைக்கும்போது, வீட்டில் யார் எடுத்தாலும் முதலில் நலம் விசாரியுங்கள். எடுத்த எடுப்பில் “எங்கே அவன்?” என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

மற்றவர்களைத் தேட என்னிடம் இருந்தது 1980களில் எழுதிவைத்த ஒரு குறிப்பேடு மட்டுமே. அதில் இருந்தவை ஏழு இலக்க எண்கள். 2002 மார்ச் 1ஆம் தேதி முதல் வீட்டுத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 6 சேர்க்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்குப் பழைய குறிப்பேடுகள் இன்னும் பயன்படும். அப்படி 6 சேர்த்து அழைத்ததில் நான்கு வீடுகளில் மணி அடித்தது. இரண்டில் தோழர்களே எடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டுத் தொலைபேசியையே துண்டித்துவிட்டிருந்தார்கள். பெண் தோழியரைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அவர்கள் வீட்டுத் தொலைபேசி கணவர் பெயரில் இருந்ததால் பழைய தொலைபேசிப் புத்தகத்திலும் தேட வழியில்லை. அவர்கள் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியைத் தெரிந்துகொண்டு, அங்கே உடன் வேலைபார்த்த தமிழாசிரியர்களைப் பிடித்துத்தான் ஐவரைக் கண்டுபிடித்தேன். ஓர் அலுவலகத்தில் முகவரி கேட்டபோது, 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் கேட்டவுடன் என் எண்ணைக் கொடுத்துவிட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். கடிதத்தை ஒட்டி நம் எண்ணையும் எழுதிக் கொடுத்து, “உரியவருக்கு நீங்களே அனுப்பிவிட முடியுமா?” என்று கேட்பதுதான் சரியான முறை. அப்படிக் கேட்டபோது அவர்களே ஒரு கடிதத்தை அனுப்பிவைத்தார்கள்.

கடிதம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்த முயற்சி முழுவதிலும் நான் செய்த மிகச் சிறந்த செலவு 7 வெள்ளி 14 காசு. 51 காசு அஞ்சல்தலை ஒட்டி, கையால் முகவரி எழுதி, 14 கடிதங்கள் அனுப்பினேன். பழைய முகவரிகளில் நான்கு இலக்க அஞ்சல் குறியீடுதான் இருந்தது. 1995இல் அது ஆறு இலக்கமாகிவிட்டது. ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிப் புளோக்குகளுக்குப் பெரும்பாலும் கடைசி மூன்று இலக்கங்கள் புளோக் எண்ணாகவே அமைந்திருப்பதால், முகவரியை இணையத்தில் தட்டிச் சரிபார்ப்பது எளிதாக இருந்தது. மூன்று முகவரிகளில் புளோக்கே இல்லை, மொத்தமாக எடுத்துக்கொண்டு (என்-பிளாக்) இடித்துவிட்டிருந்தார்கள். ஐந்து கடிதங்களுக்குப் பதில் வந்தது. அவற்றில் மூன்று பதில்களை எழுதியவர்கள் பிள்ளைகள். ஒருவர் தம் தகப்பனார் தாதிமை இல்லத்தில் இருக்கிறார் என்றும், கடிதத்தைப் படித்துக் காட்டியபோது என் பெயரைக் கேட்டதும் சிரித்தார் என்றும் எழுதியிருந்தார். மகனுக்கும் மகளுக்கும் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்கப் பயம். கையெழுத்தில் வரும் கடிதத்துக்கு அந்தப் பயம் இல்லை.

அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்பதை மே மாதத்தில் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான் அப்போது தேடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ‘லண்டன்’. பயிற்சிக் காலத்திலேயே எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அதற்காக வைத்த பெயர். உண்மையில் அவர் லண்டனைப் பார்த்ததே இல்லை. அழைத்தவர் ஆங்கிலத்தில், மெல்லிய குரலில், “என்ன சார், என்னை மறந்துவிட்டீர்களா? யாரென்று சொல்லுங்கள் பார்க்கலாம்” என்றார். எனக்கு வந்த மகிழ்ச்சியில், “லண்டனா?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு நொடி தயங்கி, “ஆமாம் ஆமாம், லண்டன். இப்போதுதான் திரும்பி வந்தேன்” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பழைய கிண்டலை இன்னும் மறக்கவில்லையே என்று வியந்தேன். என் கேள்வியை அவன் ஊர்ப் பெயராக எடுத்துக்கொண்டான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்த பத்து நிமிடங்கள் நானே ஐம்பதாண்டு நிறைவைப் பற்றிச் சொன்னேன். நானே யார் யார் கிடைத்தார்கள் என்று சொன்னேன். அவருடைய உண்மையான பெயரையும் நானே சொன்னேன். அவன் சொன்னதெல்லாம், “எண்ணை மாற்றிவிட்டேன், பழையதை அழித்துவிட்டு இதைப் பதிந்துகொள்ளுங்கள்” என்பது மட்டுமே.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மனைவியை அவசரமாக மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், வங்கிக் கணக்கு முடங்கிவிட்டதாகவும், 1,500 வெள்ளி தந்தால் வெள்ளிக்கிழமை திருப்பித் தந்துவிடுவதாகவும் எழுதியிருந்தான். கைபேசி எண் வழியாகப் பணம் அனுப்பும் பேநவ்வில் எண்ணைத் தட்டியபோது திரையில் தோன்றியது முற்றிலும் வேறொருவர் பெயர். கேட்டேன். “மருமகளுடைய தோழியின் கணக்கு” என்றான். திரை சொன்னதை விட்டுவிட்டு அவன் சொன்னதை நம்பினேன். மறுநாள் மேலும் 1,300 கேட்டான், அனுப்பினேன். மூன்றாம் முறை 4,000 கேட்டபோதுதான் எனக்குள் இருந்த பழைய ஆசிரியர் விழித்துக்கொண்டார். “நம் உளவியல் விரிவுரையாளருக்கு நாம் என்ன பெயர் வைத்தோம்?” என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். தொடர்பு துண்டிக்கப்பட்டது.

இதில் நான் செய்த மிகப் பெரிய தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. வெட்கத்தால் பதினொரு நாள்கள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை, வங்கியிடமும் சொல்லவில்லை. இரவில் தூக்கம் இல்லை. எழுந்து எழுந்து அந்த உரையாடலையே படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வங்கியை அழைத்தபோது பணம் பல கணக்குகள் தாண்டிப் போயிருந்தது. காவல்துறையில் புகார் கொடுத்தேன். 2,800 வெள்ளியில் ஒரு காசுகூடத் திரும்பி வரவில்லை. புகாரை எழுதிக்கொண்ட இளம் அதிகாரி, இந்த ‘யாரென்று தெரிகிறதா’ அழைப்பில் ஏமாறியவர்கள் ஏராளம் என்று ஆறுதலாகச் சொன்னார். இப்படி நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்துக் கணக்கை முடக்குவதுதான். வங்கிச் செயலியிலேயே நாமே முடக்கிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று பிரச்சினை வருவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் மட்டும் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துக் கேட்கலாம். வாட்ஸ்அப் கணக்கைச் சரிபார்க்க வரும் ஆறு இலக்கக் குறியீட்டை, எவ்வளவு நெருங்கிய தோழர் கேட்டாலும் கொடுக்கக்கூடாது; கேட்பவர் அந்தத் தோழராக இருக்கமாட்டார்.

இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. “யார் பேசுகிறேன், சொல் பார்க்கலாம்” என்பது நம்மவர்கள் எல்லாரும் விளையாடும் விளையாட்டு. நெடுநாள் கழித்து அழைக்கும் தோழர் அப்படித்தான் தொடங்குவார். பெயரைச் சரியாகச் சொல்லாவிட்டால் கோபித்தும்கொள்வார். மோசடிக்காரன் அந்தக் கதவின் வழியாகத்தான் உள்ளே வந்தான். அதனால் எங்கள் வகுப்பில் இப்போது அந்த விளையாட்டையே நிறுத்திவிட்டோம். அழைப்பவர் முதலில் தம் முழுப் பெயரையும் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியையும் சொல்ல வேண்டும். புதிய எண்ணிலிருந்து அழைத்தால், எடுத்தவர் துண்டித்துவிட்டு அவர் வீட்டிலுள்ள வேறொருவரை அழைத்து உறுதிசெய்வார். அதற்கு யாரும் வருத்தப்படக்கூடாது. உண்மையான லண்டனை ஜூன் மாதம் கண்டுபிடித்தேன். ஈசூனில் இருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, “என் பெயரில் 2,800 வெள்ளி கடன் கொடுக்கிற அளவுக்கு என்மேல் உனக்கு மதிப்பு இருந்ததா?” என்று ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

அவருடைய மனைவியின் எண்ணோ மகனின் எண்ணோ என்னிடம் இருந்திருந்தால் ஒரே நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். சாக்பீஸின் மகனுக்கு என் எண் தெரிந்திருந்தால் அவரைத் தூக்கிச் செல்வதற்குள் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனாலும் ஒவ்வொரு தோழருக்கும் வீட்டிலுள்ள இன்னொருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற புத்தி எனக்கு அப்போதும் முழுமையாக வரவில்லை. அதற்கான விலையை ஹார்மோனியம் கொடுத்தார்.

வகுப்பில் எப்போதும் ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். தோ பாயோவில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரிடம் நான்கு முறை பேசினேன். நான்கு முறையும் நிறைவு விழாவைப் பற்றி முதல் முறை கேட்பவர்போல உற்சாகப்பட்டார், நான்கு முறையும் தேதியைக் கேட்டார், நான்கு முறையும் “அம்மா எப்படி இருக்காங்க?” என்று விசாரித்தார். என் தாயார் 1998இல் காலமானார். மண்டாய் தகனச்சாலைக்கு ஹார்மோனியமும் வந்திருந்தார். முதல் முறை கேட்டபோது பேச்சுவழக்கில் கேட்கிறார் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் முறை காதில் சரியாக விழவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு விருந்தினர் பட்டியலில் ஒரு பெயர் கூடிவிட்ட மகிழ்ச்சி. அதற்கு மேல் யோசிக்க மனம் இல்லை. ஒவ்வொரு முறையும், “டிடிசி ஆள்கள் எல்லாரும் வருகிறார்கள், நீயும் வந்துவிடு” என்று சொல்லியே முடித்தேன்.

ஆகஸ்டு 16 அன்று காலை 11.40 மணிக்கு, நான் மேசைகளில் பெயர்ச்சீட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மே மாதத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட அழைப்புகளை நான் எடுப்பதில்லை. மூன்றாம் முறை ஒலித்தபோது எடுத்தேன். ஹார்மோனியத்தின் மகள். காலை எட்டு மணிக்கு அவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், அப்பா வெள்ளை முழுக்கைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் அணிந்து வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ரயிலில் ஏறி ஆர்ச்சர்ட் நிலையத்தில் இறங்கி, பேட்டர்சன் சாலையில் மேலும் கீழும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்திருக்கிறார். டிடிசி ஆள்கள் வருகிறார்கள் என்று நான் சொன்னேன் அல்லவா? அவர் டிடிசிக்குத்தான் போனார். ஒரு கட்டடத்தின் பாதுகாவலர் அவரை நிலையத்துக்கு அழைத்துவந்து ஒப்படைக்க, பயண அட்டையின் பின்புறம் மகள் ஒட்டிவைத்திருந்த எண்ணைப் பார்த்து ஊழியர்கள் தகவல் கொடுத்தார்கள். என் எண்ணை அப்பாவின் கைபேசியில் தேடி எடுத்து அழைத்த அந்தப் பெண் திட்டவில்லை. “அங்கிள், அப்பாவுக்கு மூணு வருஷமா முதுமை மறதி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

வழி தவறும் முதியவர்களை அழைத்துச் சென்று உதவி பெறக்கூடிய இடங்களாகப் பல எம்ஆர்டி ரயில் நிலையங்களும் பேருந்து முனையங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதும், டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் செயலி வழியாகக் காணாமற்போனவரைப் பற்றி அறிவிப்பு அனுப்பலாம் என்பதும் பிறகு அந்த மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதைவிட முக்கியமாக அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது எப்படிப் பேசுவது என்பதைத்தான். அவரிடம் எதிர்காலத் தேதியைச் சொல்லக்கூடாது. அன்று காலையில் சொன்னால் போதும். “ஞாபகம் இருக்கிறதா?” என்று கேட்டுச் சோதிக்கக்கூடாது. இறந்துபோனவரை விசாரித்தால் இறப்பை மறுபடி மறுபடி அறிவிக்கத் தேவையில்லை. அந்த மனிதரைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வேறு பேச்சுக்குப் போகலாம். எழுபது வயதுக்கு மேற்பட்ட எந்தத் தோழரையும் வெளியே அழைப்பதற்கு முன் வீட்டிலுள்ளவர்களிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். “அவர் என்ன சின்னப் பிள்ளையா?” என்று சிலர் முறுக்கிக்கொள்வார்கள். முறுக்கிக்கொள்ளட்டும்.

உணவகக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணைவர்களும் வருவார்கள் என்ற நம்பிக்கையில் ஆளுக்கு 38 வெள்ளி வீதம் 40 பேருக்குக் குறைந்தபட்ச உறுதி கொடுத்திருந்தேன். வந்தவர்கள் தோழர்கள் 14 பேரும் குடும்பத்தினர் ஐவரும். மீதி 21 இருக்கைகளுக்கு 798 வெள்ளி. அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்த்து 956 வெள்ளி 80 காசு என் பையிலிருந்து போனது. உணவகத்தைக் குறைசொல்ல முடியாது, ஒப்பந்தத்தில் இருந்தது. நண்பர்களிடம் முன்பணம் கேட்கக் கூச்சப்பட்டதுதான் காரணம். கடைசி வாரத்தில் வரமுடியாமல் போனவர்களும் பொய் சொல்லவில்லை: ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சைத் தேதி முன்தள்ளப்பட்டது, ஒருவர் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த வயதில் பாதிப்பேர்தான் வருவார்கள் என்று கணக்கிட்டு முன்பதிவு செய்வதே நல்லது. உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மெனுவைப் பார்த்தேன், படிகளைப் பார்க்கவில்லை. கழிவறை மேல்மாடியில் இருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு வைத்திருந்தார்கள். காது கேட்கும் கருவி போட்டிருந்த மூவருக்கு ஒரு பேச்சும் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

இரண்டு மணிக்கு மேல், பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தபோது, அந்த மகள் ஹார்மோனியத்தை டாக்சியில் அழைத்து வந்தார். கழுத்துப் பட்டை இன்னும் இருந்தது. யாரையும் பெயர்சொல்லி அழைக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, “உன்னை எந்தப் பள்ளியில் போட்டார்கள்?” என்று கேட்டார். 1975இல் என்னை முதன்முதலாகப் போட்ட பள்ளியைச் சொன்னேன். “தூரம் ஆயிற்றே, இரண்டு பேருந்து மாற வேண்டுமே” என்றார். அது சரியான விவரம். இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தது.

இறந்தவர்கள் ஏழு பேர், தடயமே கிடைக்காதவர்கள் நான்கு பேர், இருப்பவர்கள் 20 பேர் என்று என் பட்டியல் இப்போது நிற்கிறது. பெரிய விருந்து இனி இல்லை. மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேக்கா சந்தை உணவு நிலையத்தில் கூடுகிறோம். தரைத்தளம், முன்பணம் இல்லை, அவரவர் கோப்பிக்கு அவரவர் காசு. நான்கு பேர் வந்தாலும் சரி, ஒன்பது பேர் வந்தாலும் சரி. வராதவர்களை அந்த வாரத்துக்குள் ஒருவர் அழைத்துப் பேச வேண்டும். யார் யாரை அழைப்பது என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். முன்புபோல நான் ஒருவனே எல்லாவற்றையும் சுமப்பதில்லை. புதிய குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, உரியவரிடம் அனுமதி கேட்டு, வீட்டிலுள்ள இன்னொருவரின் எண்ணையும் எழுதியிருக்கிறோம். மூன்று பேர் தர மறுத்தார்கள், வற்புறுத்தவில்லை. குறிப்பேட்டின் நகல் ஐந்து பேரிடம் இருக்கிறது.

எல்லாருடைய இரண்டாவது எண்ணையும் வாங்கி முடித்த பிறகு, “உன்னுடையது எங்கே?” என்று லண்டன் கேட்டார். மகளிடம் போய்க் கேட்டேன். பணம் போன கதையை அவளிடம் முழுதாகச் சொன்னதும் அன்றுதான். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு என் கையிலிருந்த பேனாவை வாங்கித் தானே எண்ணை எழுதினாள். “எண் இருக்கட்டும்பா. ஆனா அந்தக் காலை வணக்கம் குரூப்புல மட்டும் என்னைச் சேர்த்துடாதீங்க” என்றாள்.